பிரெஞ்சு மக்கரோன்: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாதாம் மாவு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு ஆகிய மூன்றே பொருள்களால் செய்த இரண்டு சிறிய ஓடுகளும், அவற்றுக்கு நடுவே வைக்கப்படும் பூரணமும் சேர்ந்ததுதான் பிரெஞ்சு மக்கரோன். ஓட்டின் மேற்புறம் வெடிப்பில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். அடிவிளிம்பைச் சுற்றி, பிரெஞ்சுக்காரர்கள் ‘கால்’ என்று சொல்லும் நுரைத்த பகுதி சீராக எழுந்திருக்க வேண்டும். கடித்தால் மெல்லிய மேலோடு நொறுங்கி, உட்பகுதி மெத்தென்று லேசாக இழுபட வேண்டும். இவ்வளவு குறைந்த பொருள்களைக் கொண்ட ஓர் இனிப்புக்குக் கடினமானது என்ற பெயர் வந்ததற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். செய்முறையில் வரும் ஏறக்குறைய எல்லாப் படிகளும் ஈரத்தைக் குறைப்பதற்கோ, ஓரிடத்தில் தடுத்து வைப்பதற்கோ, கடைசியில் வேண்டிய அளவுக்கு மட்டும் திரும்ப உள்ளே விடுவதற்கோ ஏற்பட்டவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்பது விளங்கிவிடும். மனப்பாடமாகச் செய்ய வேண்டிய தேவை இருக்காது.

பிரான்சில் மக்கரோன் என்ற பெயரில் பல ஊர்களுக்குப் பல வகைகள் உண்டு. நான்சி நகரத்து மக்கரோன் பூரணம் இல்லாத ஒற்றை வட்டு. அதன் மேற்புறம் வெடித்திருப்பதுதான் அதற்கு அழகு. இங்கே நாம் செய்யப்போவது பாரிஸ் நகரத்து இரட்டை ஓட்டு வகை. பாரிஸில் 1862-இல் தொடங்கப்பட்ட லாதுரே கடையைச் சேர்ந்த பியேர் தெஃபோன்தேன் என்பவர்தான் 20-ஆம் நூற்றாண்டில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே சாக்லேட் பூரணம் வைத்து இணைத்தவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. தேங்காய்த் துருவலில் செய்யும் மக்கரூன் வேறு பண்டம். நம் தூத்துக்குடி மக்ரூன் அதைவிட நெருங்கிய உறவு: முந்திரிப் பருப்பு, வெள்ளைக்கரு, சர்க்கரை என்று அதுவும் கொட்டையையும் நுரையையும் நம்பி நிற்பதுதான். ஆனாலும் முந்திரியை வைத்து மக்கரோன் செய்து பார்க்கும் ஆசையை முதல் சில முறைகளுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்து எடுக்கும் கெட்டி நுரையை மெரிங் என்பார்கள். அதைச் செய்ய மூன்று வழிகள் உள்ளன. பிரெஞ்சு முறையில் பச்சை வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டே சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். எளிமையானது, ஆனால் நுரை சீக்கிரம் தளர்ந்துவிடும். இத்தாலிய முறையில் சர்க்கரையை 118 டிகிரி செல்சியஸ் வரை பாகாகக் காய்ச்சி, அடிபடும் வெள்ளைக்கருவில் ஊற்றுவார்கள். பியேர் எர்மே போன்ற பெயர்பெற்ற பாரிஸ் இனிப்புக் கலைஞர்கள் கையாளும் முறை அதுதான் என்றாலும், ஒரே நேரத்தில் பாகையும் நுரையையும் பார்த்துக்கொள்வது புதியவர்களுக்குச் சிரமம். சுவிஸ் முறையில் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்தே வெந்நீர் ஆவியில் சூடாக்கி, சர்க்கரை முழுவதும் கரைந்தபின் அடிக்க வேண்டும். இணையத்தில் பிரெஞ்சு முறையே அதிகம் காணப்படுகிறது. இருந்தும், சுவிஸ் முறையில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. அதில் கிடைக்கும் நுரை அடர்த்தியாகவும் உறுதியாகவும் இருப்பதால், பின்னால் மாவோடு கலக்கும்போது கை சற்று முன்பின்னாகப் போனாலும் தாங்கும்.

பொருள்களும் கருவிகளும்

சுமார் 40 ஓடுகளுக்கு, அதாவது 20 மக்கரோன்களுக்கு, வேண்டியவை: வெள்ளைக்கரு 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 100 கிராம், பாதாம் மாவு 105 கிராம், ஐசிங் சர்க்கரை 105 கிராம். வெள்ளைக்கருவையும் கிராமில்தான் அளக்க வேண்டும். முட்டைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. 100 கிராமுக்கு மூன்று முட்டையும் ஆகலாம், நான்கும் ஆகலாம். கோப்பை, கரண்டி அளவுகளில் மக்கரோன் செய்ய முயல்வது வீண்வேலை. ஒரு கிராம் துல்லியம் உள்ள மின்னணுத் தராசு இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

பாதாம் மாவு தோல் நீக்கிய பருப்பில் அரைத்ததாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: பருப்பை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, ஒரு நாள் முழுக்க உலர்த்தி, பின்பு ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் சிறிது நேரம் வைத்து ஈரத்தைப் போக்கி, நன்றாக ஆறிய பிறகு ஐசிங் சர்க்கரையையும் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் ஜாடி சூடாகிப் பருப்பு எண்ணெய் விடும். அந்த எண்ணெய் பின்னால் ஓட்டின் மேல் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளைச் சர்க்கரை பெரிய பரலாக இருந்தால் அதையும் ஒரு சுற்றுச் சுற்றிச் சற்று நொறுக்கிக்கொள்ளலாம்.

நிறம் சேர்ப்பதானால் ஜெல் வடிவ நிறத்தையோ தூள் நிறத்தையோ பயன்படுத்துங்கள். நீர்த்த நிறம் வேண்டாம். அது தேவையற்ற ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். வெனிலா எசன்ஸ் போன்றவற்றையும் ஓட்டில் ஊற்றுவதைவிடப் பூரணத்தில் சேர்ப்பதே மேல். மக்கரோனின் மணமும் சுவையும் பெரும்பாலும் பூரணத்திலிருந்துதான் வருகின்றன.

கருவிகளில் மின்சார ஹேண்ட் பீட்டர், கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம், சல்லடை, ரப்பர் ஸ்பேட்டுலா, ஒரு சென்டிமீட்டர் வாயுள்ள வட்ட நாசில் பொருத்திய பைப்பிங் பை, தட்டையான கனத்த தட்டு, பேக்கிங் தாள் ஆகியவை போதும். மளிகைக் கடைகளில் விற்கும் மெல்லிய பட்டர் பேப்பரில் ஓடு ஒட்டிக்கொள்ளும், தாளும் சுருங்கி ஓட்டின் வடிவத்தைக் கோணலாக்கும். ஆகவே ஓவனுக்கென்றே விற்கும் சிலிக்கான் பூச்சுள்ள பேக்கிங் தாளையோ சிலிக்கான் விரிப்பையோ வாங்குங்கள். இவற்றோடு ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று அவசியம். வீட்டு ஓவன்களின் குமிழ் 150 என்று காட்டும்போது உள்ளே 130-ஆகவோ 170-ஆகவோ இருப்பது சாதாரணம். மக்கரோனுக்கோ 10 டிகிரி வித்தியாசமே போதும் கெடுவதற்கு.

மெரிங் அடித்தல்

முதலில் பாதாம் மாவையும் ஐசிங் சர்க்கரையையும் ஒன்றாகச் சலித்து வைத்துவிடுங்கள். சல்லடையில் தங்கும் பரல்களைக் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். மீண்டும் அரைத்துச் சலியுங்கள், அல்லது அவற்றை நீக்கிவிட்டு அதே எடைக்கு மாவு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை குளிர்ச்சியாக இருக்கும்போது கருக்களைப் பிரிப்பது எளிது. ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பிரித்து, பிறகு பெரிய பாத்திரத்தில் சேர்ப்பது பாதுகாப்பான பழக்கம். நான்காவது முட்டையின் மஞ்சள்கரு உடைந்து, முன்பு பிரித்த மூன்றையும் கெடுக்காமல் இருக்கும். மஞ்சள்கருவில் உள்ள கொழுப்பு ஒரு துளி கலந்தாலும் நுரை எழும்பாது. இதே காரணத்துக்காகப் பாத்திரத்தையும் பீட்டரின் கம்பிகளையும் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரம் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அதைத் தவிர்க்கவும்.

ஒரு வாணலியில் இரண்டு அங்குலத் தண்ணீரை லேசாகக் கொதிக்கவிட்டு, பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடாதபடி மேலே வையுங்கள். அதில் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் போட்டுக் கைவிடாமல் கிளறுங்கள். விட்டுவிட்டால் ஓரங்களில் கரு வெந்து திரிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் கலவை நீர்த்து, மேலே வெண்மையான நுரை படரும். சிறிது எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு முற்றிலும் போயிருக்க வேண்டும். கலவையில் வைத்துப் பார்க்கும் சமையல் வெப்பமானி இருந்தால் 55 டிகிரி வந்ததும் இறக்கிவிடலாம்.

இறக்கிய கையோடு பீட்டரைக் குறைந்த வேகத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நிமிடங்களில் வேகத்தைக் கூட்டி, 8 முதல் 12 நிமிடம் வரை அடியுங்கள். நிறம் சேர்ப்பதானால் நுரை வெளுத்துத் திரண்டு வரும் நேரத்தில் சேர்க்கலாம். மாவோடு கலந்ததும் நிறம் மங்கும் என்பதால் வேண்டியதைவிடச் சற்று அழுத்தமாகவே சேருங்கள். கடைசிக் கட்டத்தில் கவனம் தேவை. கம்பி ஓடிய தடங்கள் மறையாமல் பளபளப்பாக நிற்கும். நுரை கம்பிகளுக்குள் உருண்டு திரளத் தொடங்கும். அப்போது பீட்டரை நிறுத்தித் தலைகீழாகத் தூக்கினால் நுனி நேராக நிற்கவேண்டும், அல்லது மிகமிகச் சிறிதாக வளையலாம். நுனி மடங்கி விழுந்தால் இன்னும் அடிக்க வேண்டும். நுரை பளபளப்பை இழந்து பஞ்சுத் துண்டுகளாகப் பிரிந்துவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அதை மீட்க முடியாது.

மாவு கலத்தல்

மக்கரோனின் தலையெழுத்து இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. பிரெஞ்சில் இதற்கு ‘மக்கரோனாஜ்’ என்றே தனிப்பெயர் உண்டு. கேக் மாவில் நுரை உடையாமல் பார்த்துக் கலப்போம். இங்கே நுரையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே உடைக்கிறோம். காற்று முழுவதும் இருந்தால் ஓடு மேடுபள்ளமாக எழும்பி வெடிக்கும். காற்று முழுவதும் போனால் ஓடு பரவித் தட்டையாகி, கால் இல்லாமல் போகும்.

சலித்த மாவு முழுவதையும் மெரிங் மேல் கொட்டி, ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து எடுத்து மேலே மடித்து, பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் சற்றுத் திருப்பிக் கலந்துகொண்டே வாருங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும், கலவையைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஸ்பேட்டுலாவின் முகத்தால் தேய்த்துப் பரப்பி, மறுபடி நடுவில் திரட்டுங்கள். இந்தத் தேய்ப்பில்தான் காற்று வெளியேறுகிறது. இரண்டு மூன்று முறை தேய்த்ததும் நிறுத்திப் பதம் பாருங்கள். இத்தனை முறை மடிக்க வேண்டும் என்று எண்ணிக்கை சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம்; ஒவ்வொருவர் கையின் வலுவும் வேறு, அன்றைய மெரிங்கின் கெட்டித்தனமும் வேறு.

பதம் இதுதான்: ஸ்பேட்டுலாவைத் தூக்கினால் கலவை பொத்தென்று கட்டியாக விழாமல், அறுபடாத அகன்ற நாடாவாக மெதுவாக வழிய வேண்டும். இட்லி மாவைவிடச் சற்றே தளர்வாகவும், தோசை மாவைவிட நன்றாகக் கெட்டியாகவும் இருக்கும். அந்த நாடாவைக் கொண்டு பாத்திரத்துக்குள்ளேயே ஆங்கில எண் 8-ஐ இடையில் அறுபடாமல் வரைய முடிய வேண்டும். வரைந்த கோடு 15, 20 நொடிகளில் விளிம்பு மழுங்கி மற்ற மாவோடு அமிழ்ந்துவிட வேண்டும். கோடு அப்படியே நின்றால் இன்னும் ஒரு முறை மடியுங்கள். வரைந்த உடனே மறைந்தால் எல்லை தாண்டிவிட்டது. எட்டில் பாதிதான் வரைய முடிகிறது என்னும் நிலையில் நிறுத்திப் பையில் நிரப்பினால், பையில் போடும்போதும் பிழியும்போதும் படும் அழுத்தத்திலேயே மீதிப் பதம் வந்துவிடும். குறையாகக் கலந்ததை மேலும் கலக்கலாம், அதிகமாகக் கலந்ததை ஒன்றும் செய்ய முடியாது.

பிழிதலும் உலர்த்தலும்

3.5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூடியை வைத்து, பேக்கிங் தாளின் பின்புறம் பென்சிலால் வட்டங்கள் வரைந்து, கோடு உள்ள பக்கம் தட்டைப் பார்க்கும்படி விரியுங்கள். வட்டங்களுக்கிடையே 2 முதல் 3 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பையைத் தட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, வட்டத்தின் நடுவிலேயே நாசிலை அசைக்காமல் பிழியுங்கள். மாவு தானாகப் பரவி ஓரத்துக்கு வரும். கோட்டை எட்டுவதற்குச் சற்று முன்பே அழுத்துவதை நிறுத்தி, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தால் நுனி நிற்காது.

பிறகு தட்டைச் சில அங்குலம் தூக்கி மேடைமேல் மூன்று நான்கு முறை தட்டுங்கள். சத்தம் கேட்டு வீட்டில் யாராவது எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தட்டலாம், தவறில்லை. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் மேலே வரும். அவற்றைப் பல்குத்தும் குச்சியால் உடைத்துவிடுங்கள்.

இனி உலர்த்தல். ஓட்டின் மேல் மெல்லிய ஆடை படியும் வரை தட்டை வெளியே வைக்க வேண்டும். விரல் நுனியால் லேசாகத் தடவினால் ஒட்டக்கூடாது, பளபளப்பும் சற்றே மங்கியிருக்கும். ஓவனில் சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளிவரப் பார்க்கும். மேலே ஆடை இறுகியிருப்பதால் அது மேற்புறத்தைக் கிழிக்க முடியாமல் அடிவிளிம்பு வழியாக வெளியேறும். அப்படி வெளியேறும்போது ஓட்டை மேலே தூக்கி நிறுத்துவதால்தான் கால் உண்டாகிறது. ஆடை படியாவிட்டால் ஆவி உச்சியைப் பிளந்துகொண்டு வரும்.

உலர்ந்த காற்றுள்ள ஊரில் இதற்கு 30 நிமிடம் போதும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மழை நாளில் ஆடை படியாமலே போவதும் உண்டு. குளிர்சாதனம் ஓடும் அறையில் வைப்பதே அதற்குச் சிறந்த வழி. மின்விசிறிக்கு நேர்க்கீழே வைத்தால் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக உலர்ந்து, கால் சாய்வாக எழும். அடைமழை பெய்யும் நாளில் இந்த வேலையையே தொடங்காமல் இருப்பது இன்னும் நல்லது. உலர்த்துவதை மணிக்கணக்காக நீட்டவும் வேண்டாம்; விரலில் ஒட்டவில்லை என்றதும் ஓவனுக்குள் போய்விட வேண்டும்.

ஓவனில்

ஓவனை 150 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் முன்சூடு செய்து, உள்ளே வைத்த வெப்பமானி அதே அளவைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காற்றுச் சுழற்சி உள்ள ஓவனானால் 135 முதல் 140 டிகிரியில் தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஒரு தட்டு மட்டும், நடு அடுக்கில் வையுங்கள். சிறிய ஓடிஜி வகை அடுப்புகளில் மேற்கம்பி மிக அருகில் இருப்பதால் நிறம் சிவந்துவிடும். மேல் அடுக்கில் ஒரு வெறும் தட்டை வைத்து மறைத்துவிட்டால் அந்தத் தொல்லை நீங்கும். அடிச்சூடு அதிகம் என்றால் இரண்டு தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பயன்படுத்தலாம்.

ஏறத்தாழ ஐந்தாவது நிமிடத்தில் கண்ணாடி வழியே பார்த்தால், ஓடுகள் தாளிலிருந்து நேராக மேலெழுந்து, கீழே குமிழ் குமிழான வெள்ளை விளிம்பு தெரியத் தொடங்கும். கதவைத் திறந்துவிடாதீர்கள், கால் உறுதிப்படும் முன் சூடு தணிந்தால் அப்படியே அமிழ்ந்துவிடும். 8 அல்லது 9 நிமிடம் ஆனபின் ஒரே ஒரு முறை திறந்து தட்டைத் திருப்பி வைக்கலாம். மொத்தம் 15 முதல் 18 நிமிடம் ஆகும். வெந்துவிட்டதா என்று அறிய ஓர் ஓட்டின் உச்சியைத் தொட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள். உச்சி தன் கால்மேல் வழுக்கி ஆடினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள். உறுதியாக நின்றால் எடுத்துவிடலாம். சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம் அதிகமாகவே வேகட்டும். சற்று அதிகமாக உலர்ந்த ஓட்டைப் பூரணம் மென்மையாக்கிவிடும், வேகாத ஓடோ அடியைத் தாளிலேயே விட்டுவிட்டு வரும். தட்டிலேயே முழுவதும் ஆறவிட்டு, தாளைக் கீழ்நோக்கி மடித்தால் ஓடு தானாகக் கழன்று வரும்.

பிசகினால் காரணம் எங்கே

மேற்புறம் வெடித்திருந்தால் ஆடை படியவில்லை அல்லது சூடு அதிகம் என்று முதலில் எண்ணுங்கள். கால் வரவேயில்லை, ஓடும் பரவியிருக்கிறது என்றால் மாவு அதிகமாகக் கலக்கப்பட்டது அல்லது மெரிங் தளர்வாக இருந்தது. மேலே நுனி அப்படியே நிற்பது குறைவாகக் கலந்ததன் அடையாளம். உள்ளே குகைபோல் வெற்றிடம் இருப்பது எல்லோரையும் வருத்தும் குறை. மெரிங்கை அளவு மீறி அடித்ததும், சரியாக வேகாத உட்பகுதி ஆறும்போது அமிழ்ந்துபோவதும், ஓவன் சூடு பொருந்தாததும் அதற்குக் காரணமாகலாம். எனவே அடுத்த முறை செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூடு, நேரம், கலக்கும் அளவு மூன்றையும் ஒருசேர மாற்றினால் எது குறையைத் தீர்த்தது என்று தெரியாது. சிறு வெற்றிடமுள்ள ஓடுகளை வீணாக்க வேண்டாம்; பூரணம் ஊறியதும் பெரும்பாலும் அது நிரம்பிவிடுகிறது.

பூரணமும் ஊறவைத்தலும்

முதன்முறைக்குச் சாக்லேட் கனாஷ் போதும். 120 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, ஓரத்தில் குமிழ் வரும் அளவுக்குச் சூடாக்கிய 100 கிராம் கிரீமை அதன்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் வைத்து, பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கி மெதுவாகக் கலக்குங்கள். கடைசியாக 15 கிராம் வெண்ணெய் சேர்த்தால் பளபளப்பு வரும். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சாக்லேட்டும் உறையும், சுவைதான் இருக்காது. கனாஷ் பிழியும் பதத்துக்கு இறுக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், மெரிங் தொடங்கும் முன்பே இதைச் செய்து வைப்பது நல்லது. பழ ஜாம் வைக்க விரும்பினால், ஓரத்தைச் சுற்றி வெண்ணெய்க் கிரீமை வளையமாகப் பிழிந்து நடுவில் ஜாமை வையுங்கள். நேரடியாக வைத்தால் ஓடு நீர் கோத்துக் கரைந்துவிடும்.

ஒரே அளவுள்ள ஓடுகளை இணைசேர்த்து, ஒன்றின் அடியில் பூரணத்தைப் பிழிந்து, மற்றொன்றை அதன்மேல் வைத்து லேசாகத் திருகி அழுத்துங்கள். உடனே எடுத்துத் தின்றால் ஓடு கடுக்கென்று இருக்கும், பூரணம் தனியாக நிற்கும். காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, 24 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இவ்வளவு நேரம் விரட்டிக்கொண்டிருந்த ஈரம் பூரணத்திலிருந்து அளவாக ஓட்டுக்குள் இறங்கி, உட்பகுதியை மென்மையாக்குவது இந்த நேரத்தில்தான். மறுநாள் பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். டப்பாவின் மூடியை மட்டும் உடனே திறக்க வேண்டாம், குளிர்ந்த ஓட்டின்மேல் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்துப் படிந்து பிசுபிசுக்கும்.

பூரணம் வைத்த மக்கரோன் குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து நாள் நன்றாக இருக்கும். பூரணம் வைக்காத ஓடுகளை டப்பாவில் அடுக்கி உறைபெட்டியில் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். விருந்துக்குச் செய்வதானால் ஓடுகளை முந்தின வாரமே செய்து உறையவைத்துவிட்டு, விருந்துக்கு முதல் நாள் பூரணம் வைத்தால் போதும்.